எட்டுப் பற்றறியும் என் இடது முழங்காலும்

என் இடது முழங்காலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரவேண்டியிருந்தது. இரண்டு வருடமாக அது அறுவைச் சிகிச்சைக்கான பட்டியலில் நிற்கிறது. நிற்கவே முடியாத முழங்கால் வரிசையில் மட்டும் பொறுமையாக நின்றதை நினைத்து நானே பலமுறை சிரித்திருக்கிறேன். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் இருபத்தொரு வருடம் சீமெந்துத் தரையில் நின்று வெங்காயம் வெட்டியவள் நான். வெங்காயத்துக்கு அழுத கண் நன்றாக இருக்கிறது, காலுக்குத்தான் கேடு வந்தது. படத்தைப் பார்த்த டாக்டர், எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். யாரோ ஒருவர் விலகப் பார்க்கிறாராம். விலகினால் அந்தத் திகதி எனக்கு. இந்தக் கிழமைக்குள், வெள்ளி முடிவதற்குள் கூப்பிடுவோம், அழைப்பு மறைத்த இலக்கத்திலிருந்து வரும், நீங்கள் எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, பிரெஞ்சில் மேர்சி என்று நன்றி சொல்லி முடித்தாள். இதை நான் இவரிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் ரீவியைப் பார்த்தபடியே "ஓம், ஓம்" என்றார். கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருடமாகிறது. அந்த ஓமை நம்பியது என் பிழைதான்.

செவ்வாய்க்கிழமை ஐஸ் மழை கொட்டியது. மொன்றியலில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. மழையாக விழும், விழுந்த இடத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெருவின் மேப்பிள் மரங்கள் எல்லாம் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பியில் விழுந்தன. புதன்கிழமை காலையில் கரண்ட் இல்லை. சுவரோரச் சூடாக்கியும் அடுப்பும் கரண்டில்தான் ஓடுகின்றன என்பதால் வீட்டுக்குள் நாங்கள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, எங்கேயோ போக வெளிக்கிட்டு மறந்துபோன ஆட்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

இவருடைய போன் புதன்கிழமை மத்தியானமே செத்துப்போனது. யன்னலுக்கு வெளியே பெய்த அதே ஐஸ் மழையை இவர் போனில் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுத் தொலைபேசியை "ஆர் உதில எடுக்கினம்?" என்று கேட்டு நாலு வருடத்துக்கு முன்பே வெட்டிவிட்டார். மிஞ்சியது என் பழைய போன். வியாழக்கிழமை விடிந்தபோது அதில் இருந்த சார்ஜ் நூற்றுக்குப் பதினொரு வீதம். அந்தப் பதினொரு வீதத்தில்தான் என் முழங்கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்ச தாரும், நான் மெத்ரோ ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாறன். அங்க கரண்ட் இருக்காம்" என்றார் இவர்.

"போற வழியில ஆஸ்பத்திரிக்காரி எடுத்தால்?"

"நான் கதைக்கிறன்."

இவர் கதைப்பார். இவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் மூன்று: போன்ஜூர், மேர்சி, பா து ப்ரொப்ளெம். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் இருபத்தைந்து வருடத்தை இந்த மூன்றையும் வைத்தே ஓட்டி, ஓய்வும் எடுத்தவர். வலது காலையும் சேர்த்து வெட்டட்டுமா என்று கேட்டாலும் பா து ப்ரொப்ளெம், ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் பெருமைப்படுவார். சரி, நானே போகலாம் என்றால், எங்களது மேல்வீடு. வெளியே பதினேழு இரும்புப் படி, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தடிப்புக்கு ஐஸ். கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே போன் என்னோடுதான் இருக்கவேண்டும், நான் வீட்டோடுதான் இருக்கவேண்டும்.

இவர் எழும்பி நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம். வீட்டில் அப்போது இருந்த ஒரே வெளிச்சமும் அதுதான்.

"உமக்குத் தெரியாதே, நாங்கள் ஊரில சண்டைக் காலத்தில வருசக்கணக்கா கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆக்கள். ஒரு போனுக்குச் சார்ஜ் ஏத்த ஏலாதே?"

நான் என்னவோ சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவள் மாதிரிச் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டனீங்கள். சுத்தினது ஆர்?"

"என்ன?"

"எங்கட வீட்டில செய்தி கேட்டது ஐயாவும் அயலட்டை ஆம்பிளையளும். பெடலைச் சுத்தினது நானும் தங்கச்சியும். கை ஓய்ஞ்சு கொஞ்சம் மெதுவாச் சுத்தினால் செய்தி வாசிக்கிறவற்ற குரல் இழுபடும். உடன ஐயா கத்துவார், நிப்பாட்டாதை பிள்ளை எண்டு. உங்கட வீட்டில ஆர் சுத்தினது?"

"அக்கா" என்றார். பிறகு அந்தக் கதையை அப்படியே விட்டுவிட்டு சாமான் தேடப் போனார்.

இவர் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்து வைத்திருந்த வித்தை இதுதான். காரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற குட்டிச் சார்ஜர் இருக்கிறதல்லவா, லைட்டர் துளைக்குள் செருகுகிறது, அதற்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். ரிமோட்டுக்குப் போடுகிற சின்னப் பற்றறி ஒன்று ஒன்றரை வோல்ட். எட்டை வரிசையாக அடுக்கினால் பன்னிரண்டு. அதைச் சார்ஜருக்குக் கொடுத்தால், சார்ஜர் போனுக்குக் கொடுக்கும். கணக்குச் சரிதான். இவர் கைத்தடியை ஊன்றி, கம்பியைப் பிடித்து, பதினேழு படியையும் கால் மணி நேரம் செலவழித்து இறங்கி, ஐஸுக்குள் புதைந்து கிடந்த காரின் கதவைக் குத்தித் திறந்து, லைட்டர் துளையிலிருந்து சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தார். மூக்கு சிவந்து, மீசையில் ஐஸ் ஒட்டியிருந்தது. "கண்டீரே!" என்று தூக்கிக் காட்டினார். நானும் வாயைத் திறந்து "அட, பரவாயில்லையே!" என்றேன். பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடவேண்டும்: அந்த நேரம் என் மண்டையும் வேலை செய்யவில்லை.

அடுத்தது பற்றறி வேட்டை. ரீவி ரிமோட்டில் இரண்டு. சுவர் மணிக்கூட்டில் ஒன்று, அது பத்தே காலில் நின்றது. என் பிரஷர் பார்க்கிற மெஷினில் நாலு. பிரஷர் மெஷினை வெறுமையாக்கிய அதே நேரத்தில் என் பிரஷரை ஏற்றுகிற வேலையும் தொடங்கியது. இன்னும் ஒன்று குறைந்தது. சாமியறையில் பிள்ளையாருக்கு முன்னால் மினுங்குகிற மின்விளக்கில் இரண்டு இருந்தன. அதில் ஒன்றை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார்.

"ஒண்டை விட்டிட்டு வந்தனான்" என்றார் தாராளமாக.

"ஒண்டில அது எரியாது."

"அதுக்கென்ன, அவருக்குத் தெரியும்தானே, கஷ்டகாலம் எண்டு."

பலசரக்குக் கடையின் தள்ளுபடி விளம்பரத் தாளை உருட்டி ஒரு குழாய் செய்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் எட்டுப் பற்றறியையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளினார். மேல் நுனியில் சார்ஜரின் மூக்கு தொடவேண்டும். அடி நுனியிலிருந்து, கேக் சுற்றுகிற வெள்ளித் தாளை முறுக்கிக் கயிறாக்கி, குழாயின் வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து சார்ஜரின் பக்கத் தகட்டில் கட்டவேண்டும். எல்லாவற்றையும் இறுக்க என் தலைமுடி றப்பர் இரண்டு, உடுப்புக் காயப்போடுகிற கிளிப் மூன்று, கறுத்த ஒட்டுநாடா. முடிந்தபோது அதைப் பார்த்தால், விமான நிலையத்தில் ஒருவரும் சும்மா விடமாட்டார்கள்.

எரியவில்லை. சார்ஜரில் ஒரு குட்டி நீல வெளிச்சம் இருக்கவேண்டும். அது வரவில்லை. இவர் முதலில் வெள்ளித் தாளைக் குற்றம் சொன்னார். பிறகு இந்த நாட்டுப் பற்றறியை. பிறகு, நான் பக்கத்தில் நின்று பார்ப்பதால்தான் கை ஓடவில்லை என்றார். நான் குழாயை வாங்கி, நுனியைப் பிரித்துச் சாய்த்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன்.

"நாலாவது தலைகீழாக் கிடக்கு."

"அதைத்தான் நானும் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

திருப்பிப் போட்டதும் நீல வெளிச்சம் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், இரண்டு பேரும் கத்திவிட்டோம். வயர் செருகியதும் என் போன் 'டிங்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு என் கண் கலங்கியது. இரண்டு வருடம் படியேறி இறங்கிப் பல்லைக் கடித்தவளுக்கு அந்த நேரம் இந்த மனிசன் ஒரு விஞ்ஞானியாகவே தெரிந்தார். கொஞ்ச நேரம்தான், ஆனால் தெரிந்தார்.

பதினொன்று பதினெட்டாகி, இருபத்தாறாகி, மத்தியானம் ஒரு மணிபோல முப்பத்துநாலுக்கு வந்தது. குழாய் இளஞ்சூடாக இருந்தது. நாங்கள் மாறி மாறி அதைக் கையில் வைத்துச் சூடு பிடித்தோம். நான் தேத்தண்ணி போடப் பின்பக்கப் பல்கணிக்குப் போனேன். வீடு மணக்கும் என்று மீன் பொரிக்க அங்கே ஒரு சின்னக் காஸ் அடுப்பு வைத்திருக்கிறோம்.

"ஒரேயொரு போட்டோ எடுக்கிறன்" என்றார் இவர்.

"ஒண்டுதான். போனை அணைக்கக் கூடாது, விளங்குதோ?"

"ஓம், ஓம்."

இவருடைய அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு போட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் வீடு வாங்கினால் இவர் அதன் கூரையில் பிழை பிடிப்பார். இவர் கார் வாங்கினால் அவர் அதன் நிறத்தில். போன வருடம் அண்ணை ஒரு ஜெனரேற்றர் வாங்கி, அதற்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, எங்களுக்கு வீடியோவும் அனுப்பினார். அன்றிலிருந்து இவருக்குள் ஏதோ புகைந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் போனை மேசையில் விட்டுவிட்டுப் போனேன்.

தண்ணீர் கொதிக்கும்போது முன்னறையிலிருந்து சத்தம் கேட்டது. "அண்ணை, உங்கட ஜெனரேற்றர் ஊரையெல்லோ எழுப்பும்! இதைப் பாருங்கோ, மூச்சு விடாது! வடிவாப் பாருங்கோ, கிட்டக் கொண்டுவாறன்!" எனக்குக் கேட்டது. ஆனால் பல்கணியிலிருந்து முன்னறைக்கு என் கால் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு கையில் கோப்பை, மறு கையில் சுவர். நான் வாசலுக்கு வந்தபோது இவர் கதைத்து முடித்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணைக்கு வாயே திறபடேல்லை. இடையில ஆரோ விளம்பரக்காரன் வேற எடுத்தவன். நம்பரும் காட்டேல்லை. நான் கட் பண்ணிப்போட்டன்."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். எறியவில்லை. அதை என் வாழ்நாள் சாதனையாகச் சொல்வேன்.

"என்ன சொன்னனான் உங்களுக்கு?" என்றேன். "மூண்டு தரம் சொன்னனான். மறைச்ச நம்பரில வரும் எண்டு. ஐயோ, கடவுளே! உங்கட அண்ணைக்குப் படம் காட்டவோ நான் ரெண்டு வருசமா நொண்டிக்கொண்டு திரிஞ்சனான்? உங்களுக்கென்ன விசரே?"

சிரிப்பு போய்விட்டது. இவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். நான் அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், மூக்கைச் சிந்தி, கோட்டுக் கையால் துடைத்து. வலியைவிட அவமானமாக இருந்தது. இவ்வளவு காலம் காத்திருந்து, விளம்பரக்காரன் என்று வெட்டப்பட்டுவிட்டேன் என்று இருந்தது.

போனில் ஒரு குரல்செய்தி இருந்தது. அந்தத் திகதி எனக்குக் கிடைத்திருக்கிறதாம். இன்று மூன்று மணிக்குள் இந்த இலக்கத்துக்கு எடுத்து உறுதிப்படுத்தவேண்டுமாம். மணி ஒன்றே முக்கால். உடனே எடுத்தேன். ஒரு இசை ஓடியது, உங்களுக்கு முன்னால் ஒன்பது பேர் என்றது. பழைய போன், குளிரும் சேர, வீடியோ குடித்ததுபோக இருந்தது பன்னிரண்டு வீதம். முன்னால் இன்னும் எட்டுப் பேர் இருக்க சார்ஜ் ஆறுக்கு வந்துவிட்டது. பயந்து வைத்துவிட்டேன். குழாயைப் பார்த்தேன். நீல வெளிச்சம் அணைந்திருந்தது. மணிக்கூட்டில் வருடக்கணக்காகக் கிடந்த பற்றறியிடம் அதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது.

அப்போதுதான் திரையில் மகளின் செய்தி வந்து நின்றது. அவள் வன்கூவரில் இருக்கிறாள். இவர் தன் கண்டுபிடிப்பின் படத்தைக் குடும்பக் குழுவிலும் போட்டிருக்கிறார். மகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: அப்பா, அது கார் சார்ஜர்தானே, ஏன் அதைக் காரிலேயே செருகவில்லை?

நான் வாசித்துக் காட்டினேன். இவர் யன்னலால் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். பெற்றோல் நிரப்பிய கார், சூடாக்கியோடு, இரண்டு நாளாகப் பதினேழு படிக்குக் கீழே நிற்கிறது. கார் இருந்தும் பெற்றோல் இல்லாமல் கோழி படுக்கிற கூடாக நின்ற சண்டைக் காலத்தில் பழகிய மூளை எங்களுடையது. இருட்டு வந்தால் கார் என்பதே எங்கள் நினைவுக்கு வருவதில்லை. இவர் அந்தக் காருக்குள் இருந்துகொண்டே சார்ஜரைப் பிடுங்கியிருக்கிறார்.

இவர் எழும்பிக் குசினிக்குப் போய்க் கல்லுப்புப் பொட்டலத்தை எடுத்துவந்து, ஐஸ் உருகட்டும் என்று மேற்படிகளில் கொட்டினார். அது முடிய, கறிக்குப் போடுகிற தூள் உப்பு. அதுவும் முடிய, ஊறுகாய்க்கு வாங்கி வைத்த உப்பு. பிறகு எனக்கு ஒரு படி கீழே, முகத்தை என் பக்கம் வைத்து, பின்பக்கமாக இறங்கினார். நான் குந்தியிருந்து, ஒவ்வொரு படியாகச் சறுக்கி வந்தேன். இவர் என் இரண்டு கையையும் பிடித்திருந்தார். கையைப் பிடித்தது இறங்குவதற்குத்தான், மன்னித்ததற்கு அல்ல என்பது விளங்கட்டும் என்று பதினேழு படிக்கும் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தேன்.

காருக்குள் ஏறி, என்ஜினைத் தட்டி, ஒட்டுநாடாவையும் வெள்ளித் தாளையும் பிய்த்து எறிந்து சார்ஜரைத் துளைக்குள் செருகினார். பிய்த்ததில் பக்கத் தகடு வளைந்துபோயிருந்தது. பெருவிரலால் அமத்திப் பிடித்தால்தான் நீல வெளிச்சம் வந்தது. விட்டால் போனது. இவர் அமத்திப் பிடித்தார். இரண்டு மணி இருபது. எடுத்தேன். முன்னால் ஏழு பேர். பிறகு ஆறு. கண்ணாடியில் ஐஸ் உருகி வடிந்தது. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க அந்தப் பெண் வந்தாள்.

"உங்களை எடுத்தோம், மதாம். அழைப்பு துண்டிக்கப்பட்டது."

நான் இவரைப் பார்க்கவில்லை. "இங்கே கரண்ட் இல்லை" என்றேன் பிரெஞ்சில். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அவள் கேள்விகளைத் தொடங்கினாள். என்ன மருந்து எடுக்கிறேன், எதற்கு ஒவ்வாமை, வீட்டில் எத்தனை படி. பதினேழு என்றேன். பிறகு அவள் குரல் கொஞ்சம் மாறியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதல் ஆறு கிழமையும் உங்களைத் தனியே விட ஏலாது. குளிக்க வார்க்கவேண்டும், ஊசி போடவேண்டும், சமைத்துத் தரவேண்டும். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருக்கிறாரா? இல்லையென்றால் இந்தத் திகதியை என்னால் உங்களுக்குத் தரமுடியாது, மதாம்.

நம்பிக்கையான ஒருவர்.

திரும்பிப் பார்த்தேன். இவர் ஸ்டியரிங்குக்கு மேலால் வளைந்து, பெருவிரலை அந்தச் சார்ஜரில் அமத்தியபடி இருந்தார். அரைமணி நேரமாக அப்படியே இருக்கிறார். நகம் வெள்ளையாகிவிட்டது. விரல் நழுவாமல் இருக்க மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவள் என்ன கேட்டாள் என்று இவருக்கு விளங்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுய்" என்றேன். "இருக்கிறார்."

திகதியைச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். நன்றி சொல்லி வைத்தேன்.

"என்னவாம்?" என்றார் இவர், விரலை எடுக்காமலே.

"அடுத்த மாசம் வெட்டுறாங்களாம். ஆறு கிழமைக்கு என்னைப் பாக்க வீட்டில நம்பிக்கையான ஆள் இருக்கோ எண்டு கேட்டவ."

"நீர் என்ன சொன்னனீர்?"

"இருக்கு எண்டனான்."

இவர் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, முப்பத்திரண்டு வருடத்தில் முதல்தடவையாக என்னிடம் கேட்டார்:

"ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடவேணும்?"